எடுக்க முடியாத குறிப்பு எதற்கு?

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இருந்து செட்டியார் தெருப் பக்கமாக நடந்து, பழைய சோனகத் தெருவையும் நான்காம் குறுக்குத் தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்தால், கண்ணில் படும் பாதிப் பேர் எதையோ குறித்துக்கொண்டிருப்பார்கள். நகைக் கடையில் காப்பின் அளவு, பவுண் கணக்கு, வாங்கிய முற்பணம், தாலி கொடுக்க வேண்டிய திகதி. மொத்தக் கடையில் வெங்காயம் எத்தனை மூட்டை, எந்த லொறியில் ஏறியது, யார் பேரில் கடன். துறைமுகத்துக்கும் கந்தோருக்கும் நடுவே ஓடுகிற கிளியரிங் ஆட்களிடம் கொள்கலன் இலக்கம்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம், ஒன்று பிசகினாலும் வேறு பெட்டி. கொட்டாஞ்சேனையில் ரியூஷன் முடிந்து வரும் உயர்தர மாணவரின் போனில் வெண்பலகையின் படம். முன்பு இவையெல்லாம் பில் புத்தகத்தின் பின்பக்கத்திலும் சீ.ஆர். கொப்பியிலும் விழுந்தன. இப்போது பெரும்பாலும் கைத்தொலைபேசியில் விழுகின்றன. அதனால்தான் கடைக்காரர் முதல் கம்பஸ் பிள்ளை வரை எல்லோரிடமும் ஒரே கேள்வி: குறிப்பு எழுத எந்தச் செயலி நல்லது?

கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. எழுதுவதற்கு எல்லாச் செயலியும் நல்லதுதான். கூகுள் கீப்பைத் திறந்து இரண்டு தட்டுத் தட்டினால் எழுதலாம். ஐபோனில் அப்பிளின் நோட்ஸ் 2007 முதல் போனோடே வருகிறது. மைக்ரோசொப்டின் ஒன்நோட் 2003இலேயே வந்துவிட்டது. சாம்சங் போனில் அந்த நிறுவனத்தின் சொந்தக் குறிப்பேடு. போதாததற்கு நோஷன், எவர்நோட், ஒப்சிடியன், ஜொப்லின் என்று இன்னும் பத்து. எழுத்தைப் பதிவது என்ற வேலையை இவை எல்லாம் எப்போதோ தீர்த்துவிட்டன. நாம் செயலியைத் தேர்ந்தெடுக்கும் விதமோ இன்னும் எழுதும் பக்கத்திலேயே நிற்கிறது. நிறம் அழகா, எழுத்துரு வடிவா, யூடியூபில் யாரோ ஒருவர் காட்டிய பக்கம் போல் நம்முடையதும் வருமா என்று பார்க்கிறோம். செயலிக்குச் செயலி உண்மையான வேறுபாடு மறுபக்கத்தில் இருக்கிறது. எழுதியது தேவைப்படும் நிமிடத்தில், தேவைப்படும் இடத்தில், தேவைப்படுகிற ஆளின் கைக்கு வருமா? இந்த ஒரு கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுத்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இது செட்டியார் தெருவுக்குப் புதிய பாடமும் அல்ல. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இங்கே வட்டித் தொழிலும் அரிசி வணிகமும் நடத்திய காலத்தில், ஒரு நல்ல கணக்குப்பிள்ளையின் மேசையில் குறைந்தது இரண்டு புத்தகமாவது இருக்கும். ஒன்று அன்றன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே பதிகிற நாட்கணக்கு; சிட்டை என்பார்கள். மற்றது அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றும் பேரேடு. சிட்டை எழுதுகிறவனின் வசதிக்கு: ஆள் முன்னால் நிற்கிறான், பணம் கை மாறுகிறது, யோசிக்க நேரமில்லை, எழுது. பேரேடு கேட்கிறவனின் வசதிக்கு: ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து 'என் கணக்கு என்ன?' என்றால், அவர் பேரில் உள்ள ஏட்டைப் புரட்டினால் போதும். இடையில் இருந்தது மாலை நேரத்து வேலை; சிட்டையில் இருந்ததைப் பேரேட்டில் ஏற்றாமல் கடை பூட்டுவது நல்ல பழக்கமாகக் கருதப்படவில்லை. இன்று நம்மில் பலரின் போனில் இருப்பது பேரேடே இல்லாத சிட்டை. எல்லாம் பதியப்பட்டிருக்கிறது, எதுவும் இடத்தில் இல்லை.

அந்தச் சிட்டையின் பெயர் பெரும்பாலும் வட்ஸ்அப். ஆகவே முதல் மறுப்பும் அங்கிருந்தே வரும்: தனிச் செயலி எதற்கு, வட்ஸ்அப் போதாதா? வாடிக்கையாளர் அங்கே இருக்கிறார், சப்ளையர் அங்கே இருக்கிறார், படமும் குரலும் அங்கேயே போகின்றன. தனக்குத்தானே செய்தி அனுப்பும் வசதியையும் 2022 நவம்பரில் அந்த நிறுவனமே கொடுத்துவிட்டது. அதற்கு முன்பு ஆட்கள் ஒற்றை ஆள் குழு ஒன்றை உண்டாக்கி அதைச் செய்துகொண்டிருந்தார்கள். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஒரு செயலியின் மிகப் பெரிய தகுதி அது ஏற்கெனவே திறந்திருப்பது. குறிப்பு இரண்டு நாள் வாழ்ந்தால் போதும் என்றால் வட்ஸ்அப்பை விடச் சிறந்தது இல்லை என்றே சொல்லலாம். சிக்கல் மூன்றாவது மாதத்தில் தொடங்குகிறது. அங்கே வரிசை என்பது காலவரிசை மட்டும். அளவு ஓரிடம், திகதி வேறிடம், முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டின் படம் நாற்பது வாழ்த்துப் படங்களுக்குக் கீழே. குரற்பதிவாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். போனை மாற்றும்போது பின்சேமிப்பு சரியாக எடுக்கப்படாவிட்டால் அதுவும் இல்லை.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்றே அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. ஏப்ரல் 30ஆம் திகதிதான் தடை நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2018 மார்ச்சில், கண்டி வன்முறையின்போதும் ஒரு வாரம் இதே கதை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மீண்டும் ஏறத்தாழ 15 மணி நேரம். அந்த நாட்களின் துயரத்துக்கு முன்னால் குறிப்பும் செயலியும் அற்பம்தான். ஆனால் துயரமான வாரத்திலும் சம்பளம் போட வேண்டும், சரக்கு இறக்க வேண்டும், யாருடைய மருந்துச் சீட்டாவது தேவைப்படும். பழைய செய்திகள் போனுக்குள்ளேயே இருந்தன என்பது உண்மை. கணினியில் வட்ஸ்அப்பைத் திறந்து வேலை செய்தவருக்கும், படத்தைத் தரவிறக்காமல் 'பிறகு பார்ப்போம்' என்று விட்டவருக்கும் வாசல் அடைபட்டது. வி.பி.என். வழியாகச் சிலர் சுற்றிப் போனார்கள். சொந்தக் கணக்கைப் பார்க்க மதில் ஏறிக் குதிக்க வேண்டிய ஏற்பாட்டை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை.

அரசு தடுக்காவிட்டாலும் மின்சாரம் தடுக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டு வைஃபை மட்டுமா போனது, அலைபேசிக் கோபுரங்களும் தடுமாறின. குறிப்பு போனுக்குள் இருக்கிறதா, எங்கோ ஒரு நாட்டுச் சேவையகத்தில் இருந்து ஒவ்வொரு தடவையும் வரவழைக்கப்படுகிறதா என்ற வேறுபாடு அந்த மாதத்தில் தொழில்நுட்ப விவரமாக இருக்கவில்லை. நோஷன் அழகில் முதலிடம் வாங்கக்கூடிய செயலி, 2016இல் வந்தது. இணையம் இல்லாமலும் ஒழுங்காக வேலை செய்யும் வசதி அதற்கு 2025 ஓகஸ்டில்தான் வந்து சேர்ந்தது. ஒன்பது ஆண்டுகள். அதை உருவாக்கியவர்களின் ஊரில் இணையம் போவது அபூர்வம், அதனால் அவசரம் தெரிந்திருக்காது. கீப், அப்பிள் நோட்ஸ் போன்றவை போனிலும் ஒரு பிரதியை வைத்துக்கொள்கின்றன. 2020இல் வந்த ஒப்சிடியன் ஒருபடி மேலே போய், ஒவ்வொரு குறிப்பையும் உங்கள் கணினியிலோ போனிலோ சாதாரண எழுத்துக் கோப்பாகவே வைக்கிறது; செயலியையே அழித்துவிட்டாலும் கோப்பு இருக்கும். போனை விமான நிலைக்கு மாற்றிவிட்டு, ஆறு மாதத்துக்கு முந்தைய குறிப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் விளம்பரத்தில் என்ன சொல்லியிருந்தாலும் பொருட்டில்லை.

இனி, வெளிநாட்டுச் செயலிப் பட்டியல்களில் யாரும் எழுதாத ஒரு விஷயம்: தமிழில் தேடினால் கிடைக்குமா? எழுதும்போது இந்தக் கவலை வராது, தமிழ் எழுத்து அழகாகவே திரையில் வரும். தேடும்போதுதான் தெரியும். 'கடன்' என்று தேடுகிறீர்கள். உங்கள் குறிப்பில் 'கடனை அடைத்தார்' என்று இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அப்படியல்ல, முதலாவதில் னகரத்துக்குப் பிறகு புள்ளி வருகிறது, இரண்டாவதில் ஐகாரக் குறி வருகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற எளிய தேடல் 'இல்லை' என்று சொல்லிவிடும். புள்ளியை விட்டுவிட்டு 'கடன' என்று தேடினால் இரண்டும் அகப்படும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' வராது, 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' வராது. ஆங்கிலத்தில் சொல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தமிழில் அடியே மாறும். செயலி உருவாக்கியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவர் பயன்படுத்துகிறவர்.

இன்னும் நுணுக்கமான கண்ணிகளும் உண்டு. கொச்சிக்கடையின் முதல் எழுத்தையே எடுங்கள். யூனிகோட் முறையில் 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் தெரியாது. நன்றாகச் செய்யப்பட்ட செயலி இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். அரைகுறையானது ஒரு விசைப்பலகையில் எழுதியதை இன்னொரு விசைப்பலகையால் தேடும்போது கைவிரித்துவிடும். 'ஸ்ரீ' என்ற எழுத்துக்கும் இதே இரட்டை வேடம் உண்டு. ஸ்ரீ கதிரேசன் வீதி முகவரி ஒன்றைப் போனில் எழுதிவிட்டுக் கணினியில் தேடுகிறவர் இதில் மாட்டக்கூடும். இதற்கு மேல் கொழும்பின் மும்மொழிக் கலவை. ஒரே வாடிக்கையாளரின் ஊரை ஒருநாள் தமிழில், ஒருநாள் சிங்களத்தில், அவசரத்தில் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதுகிறோம். வெள்ளவத்தையை ஆங்கில எழுத்தில் எழுதினால் கடைசி எழுத்து ஒருவருக்கு 'ஏ', இன்னொருவருக்கு 'ஈ'. எந்தத் தேடல்தான் தாங்கும்? இதற்குச் செயலியை விடப் பழக்கமே நல்ல மருந்து. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் மாறாத ஒன்றை வையுங்கள்: வாடிக்கையாளர் தொலைபேசியின் கடைசி நான்கு இலக்கம், பில் இலக்கம், கொள்கலன் இலக்கம். இலக்கத்துக்கு வேற்றுமை உருபு கிடையாது. படம் எடுத்து வைத்தாலும் அந்த இலக்கத்தைப் படத்தின் கீழே தட்டிவிட வேண்டும். படத்துக்குள் இருக்கும் தமிழ்க் கையெழுத்தைச் செயலி படித்துத் தரும் என்று நம்பிக் கடை நடத்த முடியாது.

எழுத்து எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதில் இலங்கைத் தமிழருக்கு ஏற்கெனவே ஒரு சூடு உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன்னர் இங்கே அச்சகமும் கந்தோரும் பாடசாலையும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தன. சில இடங்களில் இன்றும் செய்கின்றன. பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் வரிசை; அதன்மேல் தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளம் எஞ்சுகிறது. அச்சுத்தாளில் அது நல்ல தமிழ். தேடலுக்கும் நகல் எடுப்பதற்கும் அது தமிழே இல்லை. எழுத்துருமாற்றி கொண்டு மீட்கலாம், மீட்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எத்தனையோ பேர் பழைய கோப்புகளை அப்படியே விட்டுவிட்டார்கள். எழுதும்போது ஒரு குறையும் இல்லாமல் இருந்து, எடுக்கும்போது கைவிட்ட முறைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இன்று ஒரு செயலி தனக்கே உரிய வடிவத்தில் மட்டும் குறிப்பை வைத்துக்கொண்டால், பாமினியின் கதை வேறு சட்டையில் திரும்புகிறது என்று பொருள்.

பெரிய நிறுவனமாகப் பார்த்துச் சேர்ந்தால் பயமில்லை என்பார்கள். கூகுளை விடப் பெரியது எது? அது 2006இல் தொடங்கிய 'நோட்புக்' என்ற குறிப்புச் சேவையை 2009இல் வளர்க்காமல் விட்டு, 2012இல் மூடியே விட்டது. கீப் பிறந்தது மறு ஆண்டு, 2013இல். கூகுளுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: நோட்புக்கில் இருந்தவற்றைத் தன் ஆவணச் சேவைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டே மூடியது. எவர்நோட்டின் கதை இன்னும் படிப்பினை உடையது. 2008இல் பொதுமக்களுக்கு வந்து, யானைச் சின்னத்தோடு உலகெங்கும் பரவி, 'நூறு ஆண்டு நிலைக்கும் நிறுவனம்' ஆவோம் என்று அதன் அன்றைய தலைவர் பில் லிபின் பேசிவந்த செயலி அது. 2022 நவம்பரில் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் அதை வாங்குவதாக அறிவித்தது. 2023இல் தனிநபர் ஆண்டுச் சந்தா ஏறத்தாழ 70 டொலரில் இருந்து 130 டொலருக்குப் போனது. அந்த ஆண்டின் இறுதியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு என்று வரம்பு விழுந்தது. கொழும்பில் இருந்து கட்டுகிறவருக்கு இது இரட்டை அடி. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தபோது 70 டொலர் என்பது 14,000 ரூபாய். 2023இல் ரூபாய் விழுந்த பிறகு 130 டொலர் ஏறத்தாழ 40,000. அதே குறிப்பு, அதே செயலி, மும்மடங்கை நெருங்கும் விலை. நிறுவனம் விலை ஏற்றுவது அதன் உரிமை. வெளியேறும் கதவு இருக்கிறதா என்பதே நம் கேள்வி. எவர்நோட்டில் அது இருந்தது. குறிப்புகளைக் கோப்பாக இறக்கிக்கொண்டு பலர் வேறிடம் போனார்கள். சேரும் நாளிலேயே அந்தக் கதவைத் திறந்து பார்ப்பது நல்லது. பத்துக் குறிப்பு எழுதி, 'ஏற்றுமதி' என்ற பொத்தானை அழுத்தி, வந்த கோப்பை வேறொரு கணினியில் திறந்து, தமிழ் தமிழாகவே வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சந்தா கட்டலாம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது வேறு. பெரும்பாலான குறிப்புகளை யாரும் திரும்பப் பார்ப்பதே இல்லை; எழுதுவதால் மனதில் பதிகிறது, அதுதான் பயன்; பிறகு எடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசுவானேன்? மாணவர்களைப் பொறுத்தவரை இதைத் தள்ளிவிட முடியாது. 2014இல் முல்லர், ஒப்பன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள், மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தட்டுகிறார்கள், கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுதுகிறார்கள், கருத்துக் கேள்விகளில் கையெழுத்துக்காரர்களே மேல் என்று எழுதினார்கள். அது உலகம் முழுக்கச் செய்தியானது. 2021இல் வேறொரு குழு அதே சோதனையைத் திருப்பிச் செய்தபோது, சொன்னபடியே தட்டும் பழக்கம் உறுதியானது, பரீட்சைப் புள்ளியில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆக, கையெழுத்து மந்திரம் அல்ல, கணினி சாபமும் அல்ல. பதிவதற்காக எழுதுகிறவர் கொப்பியிலேயே எழுதட்டும்; அவருக்குச் செயலியே வேண்டாம் என்று நான் தாராளமாகச் சொல்வேன். வெண்பலகையைப் படம் எடுத்துக் கேலரியில் போடும் மாணவருக்குத்தான் இரண்டும் இல்லை: எழுதவுமில்லை, பரீட்சைக்கு முதல் நாள் ஆயிரம் படத்துக்குள் தேடி எடுக்கவும் முடியாது.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறவர்கள் 'இரண்டாவது மூளை' கட்சிக்காரர்கள். எல்லாவற்றையும் ஒரே செயலியில் கொட்டு, ஒவ்வொரு குறிப்பையும் மற்றதோடு இணை, ஒருநாள் அது உனக்காகச் சிந்திக்கும் என்பார்கள். சாட்சிக்கு ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமனை அழைத்து வருவார்கள். லூமன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 90,000 அட்டைகள் எழுதிப் பெட்டிகளில் வைத்து, ஒன்றுக்கொன்று எண் கொடுத்து இணைத்து, அவற்றைக் கொண்டு புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார் என்பது உண்மை. கவனிக்க வேண்டியது அட்டைகளின் எண்ணிக்கையை அல்ல. அவர் தினமும் பெட்டிக்குத் திரும்பிப் போனார், எடுப்பதற்கென்றே வைத்தார். ஆராய்ச்சியாளருக்கும் எழுத்தாளருக்கும் சட்டத்தரணிக்கும் அந்த முறை பொருந்தும், ஒப்சிடியன் போன்றது அவர்களுக்குக் கைகொடுக்கும். பழைய சோனகத் தெருவில் ஆணியும் குழாயும் விற்கிறவர் குறிப்புகளுக்குள் வலை பின்னிக்கொண்டிருந்தால் கடை பார்ப்பது யார்? நோஷனில் மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்து அட்டவணையும் நிறமும் அமைத்து, நான்காவது ஞாயிறு கைவிட்டவர்கள் ஏராளம். அமைப்பதில் வரும் திருப்தியை வேலை நடந்ததாக எண்ணிக்கொள்வதுதான் இந்தச் செயலிகளின் பெரிய பொறி.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி ஒழுங்கு எதற்கு, கேட்டால் எடுத்துத் தரும் என்று இப்போது புதிதாகச் சொல்கிறார்கள். கூகுளின் நோட்புக்எல்எம் 2023 முதல் அப்படி ஒரு வேலையைத்தான் செய்கிறது: நீங்கள் கொடுக்கும் ஆவணங்களுக்குள் தேடிப் பதில் சொல்லும். பயனுள்ளது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது படிக்கும் வடிவில் குறிப்பு இருந்தாக வேண்டும். பாமினிக் கோப்பும் குரற்பதிவும் கேலரிப் படமும் சிதறிக் கிடந்தால் அதுவும் சிதறலுக்குள்தான் தேடும். கொள்கலன் இலக்கத்திலோ பவுண் கணக்கிலோ 'கிட்டத்தட்டச் சரி' என்ற பதிலுக்கு விலை உண்டு; மூலக் குறிப்பைத் திறந்து காட்டாத பதிலை நம்பக்கூடாது. வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், அடகு விவரம் எல்லாவற்றையும் அள்ளி வெளிநாட்டுச் சேவையொன்றுக்குள் போடுமுன், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இயற்றப்பட்டிருப்பதையும் நினைக்க வேண்டும். குறிப்பு நம்முடையது, அதிலுள்ள விவரம் மற்றவருடையது.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது? எடுக்கும் நேரத்தை முதலில் நினைத்தால் தொழிலுக்குத் தொழில் பதில் தானாக வரும். நகைக் கடையில் கேட்கப்படும் கேள்வி 'இந்த வாடிக்கையாளரின் ஓடர் எங்கே?' என்பது, ஆளுக்கொரு குறிப்பு, தலையில் தொலைபேசி இலக்கம், இரண்டு விற்பனையாளர் போனிலும் திறக்கும் பகிர்வு, இவ்வளவுக்குக் கீப் தாராளம். கடன் கணக்கை மட்டும் எந்தக் குறிப்புச் செயலியிலும் வைக்க வேண்டாம். அது கூட்டிக் கழிக்க வேண்டியது, அதற்கு அட்டவணைச் செயலியோ கணக்கு மென்பொருளோதான் பேரேடு. கிளியரிங் வேலைக்கு இலக்கமும் திகதியும் நகல் எடுக்கும் எழுத்தாக இருந்தாக வேண்டும், துறைமுகத்துக்குள் அலைவரிசை போனாலும் திறக்க வேண்டும். போனிலேயே பிரதி வைக்கும் எதுவும் சரி. கம்பஸ் மாணவருக்கு எழுத்துப்பேனையும் பலகைக் கணினியும் இருந்தால் ஒன்நோட் நல்லது. அதிலும் 'விண்டோஸ் 10க்கான ஒன்நோட்' என்ற பதிப்புக்கு 2025 ஒக்டோபரில் ஆதரவு நின்று, அது படிக்க மட்டும் உதவும் பதிப்பாகிவிட்டது. அதிலேயே இருப்பவர் புதியதற்கு மாறிக்கொள்ள வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க நினைக்கும் ஆய்வுக் குறிப்புக்கு எளிய எழுத்துக் கோப்பை விடப் பாதுகாப்பான வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு செயலி வைத்திருப்பதில் தவறும் இல்லை. அவசரத்துக்கு வட்ஸ்அப் சிட்டையாகவே இருக்கட்டும். கடை பூட்டுமுன் பத்து நிமிடம் அதிலிருந்து தேவையானதை மட்டும் மற்றதற்கு ஏற்றினால் போதும்.

கடைசியாக ஒன்று, குடும்பத் தொழில்களில் இது முக்கியம். எழுதியவர் இல்லாதபோது எடுப்பது யார்? பேரேட்டை மகனோ பங்காளியோ இறாக்கையில் இருந்து எடுத்துப் பார்க்கலாம். போனில் உள்ள குறிப்பு ஒருவரின் விரல் ரேகைக்குப் பின்னால் இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலே சிக்கல். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கக்கூடும் என்று கூகுள் 2023இல் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரில் இருந்து நடைமுறைப்படுத்தியும் வருகிறது. அதே கூகுள் கணக்கின் அமைப்புகளுக்குள், கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தரவு போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. மூன்று மாதத்தில் இருந்து 18 மாதம் வரை காலம் குறித்து, பத்துப் பேர் வரை பெயர் கொடுக்கலாம். அப்பிளில் இதே போன்ற ஏற்பாடு 2021 இறுதியில் வந்தது. ஐந்து நிமிட வேலை. கடைக் குறிப்புகள் என்றால் அதற்கும் முன்பாக, அவற்றைத் தனியாள் கணக்கில் வைக்காமல் இரண்டு பேர் திறக்கக்கூடிய பொதுக் கணக்கு ஒன்றுக்கு மாற்றிவிடுவது சுலபம்.